புதுப் பந்து அடங்கும் வரை

டென்னிஸ் பயிற்சியாளராகப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நடக்கும்போது உட்காரத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. ஒரே ஒரு செட்டைத் தவிர, பணியில் இருந்த காலம் முழுக்க நான் உட்கார்ந்ததே கிடையாது. என் ஆட்டக்காரர் பந்தைத் தட்டி சர்வீஸ் போடுவதற்குள், கோர்ட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய் நான் திரும்பியிருப்பேன். போடி கிளப்பின் செயலாளர் பெரிய ஏலக்காய் வியாபாரி. அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "ஏய்யா, நீ நடக்குற நடைய ரோட்டப் பாத்து நடந்திருந்தா இந்நேரம் போடிமெட்டுல டீ குடிச்சிருக்கலாமே" என்றார்.

ராக்கெட்டை எப்படிப் பிடிப்பது, காலை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான், கல்லூரி ஃபைனலில் கால் சுளுக்கிய ஒருவனிடம் தோற்ற புகழோடு வந்தவன். ஆகவே நான் சொல்லப்போவது வேறு. நன்றாக ஆடத் தெரிந்த ஒரு பெண் பெரிய மேட்ச்சில் தோற்றுக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலிருக்கும் கோச்சின் மூளை எங்கெல்லாம் மேயப் போகும் என்பதைப் பற்றி.

எழுபதுகளின் பிற்பகுதி அது. போடி கிளப்பில் செம்மண் கோர்ட்டு ஒன்று இருந்தது. ஏலம் முடிந்த கையோடு வியாபாரிகள் ஆட வருவார்கள். காய் விலை ஏறிய நாளில் வலையைத் தாண்டிப் பந்து பறக்கும். இறங்கிய நாளில் ராக்கெட் பறக்கும். அவர்களுக்கு நான் கோச். அவர்களில் யாரையும் எந்தப் போட்டிக்கும் தயார்படுத்த வேண்டிய ஆபத்து இல்லை என்பதால் சம்பளம் சுகமாக வந்துகொண்டிருந்தது.

எனக்கு வாய்த்த உண்மையான ஆட்டக்காரி மேலே மலையில் இருந்தாள். பேச்சியம்மாள். ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் ஜீப்பு ஓட்டும் மொக்கச்சாமியின் மகள். முதலாளியம்மாவுக்கு எதிரே நின்று பந்தைத் திருப்பி அடிக்க ஆள் வேண்டுமென்று பள்ளிக்கூடம் போகும் வயதில் கோர்ட்டுக்குள் இழுக்கப்பட்டவள். நாலைந்து வருடத்தில் முதலாளியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேச்சி உட்காரவில்லை. அந்த அம்மாதான் என்னை வரவழைத்தார். சனிக்கிழமை விடியலில் வேலையாட்களோடு மொக்கச்சாமியின் ஜீப்பில் தொற்றிக்கொண்டு மேலே போவேன். ஞாயிறு சாயங்காலம் இறங்குவேன். பெண்களில் அப்படி ஒரு அடியை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

மலையில் டென்னிஸ் ஆடுவதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மழை. ஆனி மாதம் பிடித்தால் தை வரை ஏதாவது ஒரு ரூபத்தில் வானம் ஒழுகிக்கொண்டே இருக்கும். மழை விட்ட இடைவெளியில் ஆடினாலும் பந்து நனைந்து, ஊறின உளுந்து வடைபோல ஆகிவிடும். டசன் டசனாகப் புதுப் பந்து வாங்க முதலாளியம்மாவே முகம் சுளித்தார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தோட்டத்தில் பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோர் இருந்தது. அடுப்பில் விறகெரிய, தகரக் குழாய் வழியாகச் சூடு ஓடி அறை முழுக்க அனலாக இருக்கும். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட மலையாளி குட்டனிடம் நனைந்த பந்துகளைக் கொடுத்தேன்.

"சாரே, இது காயோடா இடணும்?" என்று கேட்டார்.

"ஓரமாப் போடுங்க குட்டன். நாளைக்குக் காலைல காஞ்சிருக்கணும்."

காலையில் காய்ந்திருந்தது. குட்டனுக்கு ஒரே பெருமை. "நல்லோணம் உணங்கி, கேட்டோ!" என்று தட்டோடு கொண்டுவந்து நீட்டினார். எனக்கோ அதைவிடப் பெருமை. இந்தியாவில் எந்தக் கோச்சுக்கும் தோன்றாத யோசனை என்று நினைத்தேன். அது உண்மைதான். வேறு எந்தக் கோச்சுக்கும் தோன்றவில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க ஸ்டோரில் காய்ந்த பந்துகளோடுதான் பயிற்சி. பேச்சியின் அடி வாரத்துக்கு வாரம் பலத்தது. முழுக் கையையும் வீசி, உடம்பையே தூக்கி எறிவதுபோல அடிப்பாள். பந்து கோட்டுக்குள்ளேயே விழும். எவ்வளவு ஓங்கினாலும் வெளியே போகாது. நான் பிரமித்துப்போய், "ஏத்தா, இன்னும் ஓங்கு! இன்னும் ஓங்கு!" என்று கத்திக்கொண்டு மேலும் கீழும் நடந்தேன்.

மாசியில் போடி கிளப்பிலேயே பெண்களுக்கான போட்டி வைத்தார்கள். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை பார்க்க வருவதாகவும், ஜெயிக்கிற பெண்ணுக்குக் கல்லூரியில் இடம், விடுதி, சாப்பாடு எல்லாம் உண்டென்றும் பேச்சு. இடம் ஒன்றே ஒன்றுதான்.

பேச்சி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். மொக்கச்சாமி என்னிடம் ஒளித்துப் பேசவில்லை.

"வாத்தியாரே, பிள்ள விளையாடுறதுல எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. ஆனா இதுதான் கடேசி. இதுல கெடைக்கலைன்னா சிலமலைல எங்க அக்கா வீட்டுல விட்டுருவேன். போடியில குடோன்ல காய் பொறுக்குற சோலி இருக்கு. செயலாளர்ட்டப் பேசிட்டேன். திங்கக்கெழம வரச் சொல்லிட்டாரு."

"அண்ணே, அவ ஜெயிப்பா."

"ஜெயிச்சா சந்தோசம். தோத்தா திங்கக்கெழம."



முதல் சுற்றுகளுக்குக் கிளப்பின் தேய்ந்த பந்துகளே போதும் என்று செயலாளர் சிக்கனம் பிடித்தார். பேச்சி எதிரே வந்தவர்களையெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எதிரே மதுரை டாக்டர் வீட்டுப் பெண். சுத்தமான ஆட்டம், நல்ல பழக்கவழக்கம், கூடவே ஒரு கோச். அந்த கோச் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஃபைனலுக்குப் புது டின். செயலாளரே தன் கையால் திறந்தார். 'புஸ்' என்று சத்தம் வந்ததும் சுற்றி நின்ற வியாபாரிகள் கை தட்டினார்கள்.

பேச்சியின் முதல் அடி பின்வேலியில் போய் மோதியது. இரண்டாவதும். மூன்றாவது வேலியைத் தாண்டி வெளியே நின்ற வாழைத்தார் வண்டிக்குள் விழுந்தது. "சிக்ஸரு!" என்று ஒருவர் கத்தினார். ஆறுக்கு ஒன்று என்று முதல் செட் போனது. அந்த ஒன்றும் மதுரைப் பெண் தவறவிட்டது.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பயம்! பெரிய கூட்டம், பெரிய மனிதர்கள், உறுப்பினர்கள் ஆடும் நேரத்தில் அவளைப் போன்றவர்களை உள்ளேயே விடாத கோர்ட்டு, பிள்ளை மிரண்டுவிட்டாள். ஆட்டத்தின் நடுவில் கோச் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. ஆகவே நடந்துகொண்டே முஷ்டியை மடக்கிக் காட்டினேன். நெஞ்சில் அடித்துக் காட்டினேன். நடுவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளுக்கு நெஞ்சுவலியோ என்ற கவலை தெரிந்தது.

இரண்டாவது செட்டில் நிலைமை இன்னும் மோசமானதாக எனக்குப் பட்டது. பேச்சி அடிப்பதையே விட்டுவிட்டாள். பந்தை மேலே தூக்கித் தூக்கிப் போட்டாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பாயிண்ட் முடிவதற்குள் ஒரு பாட்டு முடிந்துவிடும் போலிருந்தது. என் ஆட்டக்காரி உடைந்துபோனாள் என்று நான் முடிவுகட்டி நடந்து நடந்து வேலியோரம் ஒரு ஒற்றையடிப்பாதையே போட்டுவிட்டேன். ஆனால் செட் நீண்டுகொண்டே போய், கடைசிக் கட்டத்தில் அவளுடைய அடிகள் ஒவ்வொன்றாக உள்ளே விழ ஆரம்பித்தன. ஏழுக்கு ஐந்து என்று அந்தச் செட்டை எடுத்தாள்.

என் முஷ்டி வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டத்தில் இரண்டாவது செட் முடிந்ததும் பத்து நிமிடம் ஓய்வு உண்டு. அந்தப் பத்து நிமிடம் கோச் பேசலாம். வேப்பமரத்தடியில் பேச்சி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துண்டோடு மொக்கச்சாமி. நான் போய்த் தைரியத்தைப் பற்றி ஆரம்பித்தேன். நல்ல பேச்சு. முதல்நாளே யோசித்து வைத்தது. சிங்கம்கூட வந்தது.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். "சார், எனக்குப் பயமெல்லாம் இல்ல சார்."

"பின்ன ஏன் ஆத்தா அப்படி வேலியப் பாத்து அடிச்ச?"

"மேல நாம அடிச்சது செத்த பந்து சார். ஸ்டோர்ல வெந்து, துள்ளாமச் செத்த பந்து. இது உசுரோட இருக்கு. தொட்டாலே ஓடுது."

"அப்ப ரெண்டாவது செட்டுல?"

"அத அடிச்சுச் சாகடிச்சேன். மேல மேல தூக்கிப் போட்டுக்கிட்டே இருந்தா செம்மண் ஒட்டிக் கனத்துப் போயிரும்ல. கனத்தப்புறம் நம்ம மலைப் பந்து மாதிரி ஆயிருச்சு. அப்பறந்தான் அடிச்சேன்."

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஆட்டக்காரர் பந்தை வெளியே அடித்தால் 'பயம்' என்று தீர்ப்புச் சொல்வது கோச்சுக்கு ரொம்ப வசதி. பயம் அவர்களுடையது, அதில் நமக்குப் பங்கில்லை. நானும் ஒரு செட் முழுக்க அவளுடைய நெஞ்சுக்குள்ளே குறை தேடிக்கொண்டிருந்தேன். குறை என்னுடைய அடுப்பில் இருந்தது. அடுத்தமுறை உங்கள் ஆள் மிரண்டுவிட்டதாகத் தோன்றினால், முதலில் வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக, நீங்கள் செய்த காரணம்.

நான் இந்தத் தத்துவத்தை அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க நேரமும் கிடைக்கவில்லை. கோர்ட்டுப் பக்கமிருந்து 'புஸ்' என்று மறுபடி சத்தம் வந்தது.

திரும்பிப் பார்த்தால், செயலாளர் கையில் இன்னொரு புது டின்.

ஓடினேன். "ஐயா, என்ன இது? இருக்குற பந்தே நல்லாத்தான இருக்கு!"

"யோவ், கடேசி செட்டுய்யா. மதுரக்காரங்க வந்திருக்காங்க. ஏலத்துக்கு வந்தவன் முன்னாடி போன வருசக் காயக் கொட்டுவியா? போடிக்கு ஒரு மானம் இல்லையா?"

"பழைய பந்துலயே ஆடட்டும்யா. விதியில மாத்தணும்னு இல்ல."

"மாத்தக் கூடாதுன்னும் இல்லைல்ல?"

நடுவரிடம் ஓடினேன். போட்டியை நடத்தும் கிளப்பின் விருப்பம் என்று கையை விரித்தார். மதுரை கோச்சைப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தபடியே அன்பாகப் புன்னகைத்தார். வேப்பமரத்தடிக்குத் திரும்பி ஓடினேன். அதற்குள் பாதி இடைவேளை கரைந்திருந்தது.

என் தலைக்குள் யோசனைகள் பஸ்சு ஸ்டாண்டுக் கூட்டம்போல இடித்துக்கொண்டன. கையைக் குறுக்கி வீசச் சொல்லலாம். முன்னால் போய் நின்று ஆடச் சொல்லலாம். பிடியையே மாற்றச் சொல்லலாம். வாயைத் திறந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பந்தைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைச் சற்று முன்புதான் நிரூபித்திருந்தேன். ஆகவே என் பணிக்காலத்தில் முதல்முறையாக, சொல்வதற்குப் பதிலாகக் கேட்டேன்.

"என்ன செய்யலாம்னு நெனைக்கிற ஆத்தா?"

"மொதல்ல கொஞ்சம் தோக்கணும் சார்."

மொக்கச்சாமிக்குத் துண்டு நழுவியது. "தோக்கணுமா? ஏத்தா, அதுக்கா நான் லோடு ஏத்தாம லீவு போட்டு வந்து ஒக்காந்திருக்கேன்?"

"அப்பு, புதுப் பந்துல நான் அடிச்சா வெளிய போகும். அடிக்காம தூக்கிப் போட்டா அந்தக்கா அடிச்சு எடுத்துரும். எப்படிப் பாத்தாலும் மொத மூணு நாலு கேமு அந்தக்காவுக்குத்தான். ஆனா வெரசாத் தோக்கக் கூடாது. மெதுவாத் தோக்கணும். அதுக்குள்ள பந்து அடங்கிரும்."

"அடங்கலைன்னா?" என்றேன்.

அவள் ராக்கெட்டைக் கையில் எடுத்தாள். "சார், ஒண்ணு மட்டும் செய்யுங்க. நடக்காதீங்க. நான் ஒவ்வொரு கேமு விடும்போதும் நீங்க மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு நடந்தா, நெசமாவே தோக்குற மாதிரி இருக்கு. எனக்குப் பந்த ஓங்கி அடிக்கணும்போல வருது."

நடுவர் கூப்பிட்டார். அவள் போய்விட்டாள். மொக்கச்சாமி என் மணிக்கட்டைப் பிடித்துப் பெஞ்சில் உட்காரவைத்து, கியரைப் பிடிப்பதுபோல என் தொடைமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

ஒன்று சொல்கிறேன். பெரிய ஆட்டங்களில் கோச்சுக்கு வேலையே இல்லாத நேரம்தான் கடினமான நேரம். முதல் கேம் போயிற்று. இரண்டாவது போயிற்று. பேச்சி ஓடினாள், எட்டினாள், தூக்கிப் போட்டாள். ஒவ்வொரு பாயிண்ட்டையும் இழுத்து இழுத்துத்தான் விட்டாள். ஆனால் விட்டாள். மூன்றாவதும் போனபோது, ஆள் எடுக்க மதுரையிலிருந்து வந்திருந்த கல்லூரி அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் பின்புறம் பெஞ்சைவிட்டு ஒரு சாண் எழும்பியது.

"ஒக்காருங்க வாத்தியாரே."

"அண்ணே, மூணு கேமு போச்சு."

"எனக்கும் எண்ணத் தெரியும். ஒக்காருங்க. கொண்டையூசி வளைவுல வண்டிக்குள்ள எந்திரிச்சு நிக்கலாமா?"

நாலாவதும் போயிற்று. நாலுக்குச் சைபர். மொக்கச்சாமியின் விரல்கள் என் தொடையில் பதிந்த பதிவில், அவருக்கும் நிம்மதி இல்லை என்று தெரிந்தது. செயலாளர் குனிந்து அவர் காதில், "திங்கக்கெழம காலைல எட்டுக்கே வரச் சொல்லு" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மொக்கச்சாமி தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாவது கேமில் பந்து செம்மண் பூசி, மயிர் சிலிர்த்து, பார்க்கவே மந்தமாக இருந்தது. மதுரைப் பெண்ணின் அழகான அடிகள் கொஞ்சம் குட்டையாக விழ ஆரம்பித்தன. அவளுக்கு மூச்சும் வாங்கியது. நாலு கேமுக்கு எட்டு கேம் ஓட்டம் ஓடியிருந்தாள். பேச்சி ஒன்று எடுத்தாள். பிறகு இன்னொன்று. அப்போதும் அவள் ஓங்கி அடிக்கவில்லை. நாலுக்கு மூன்று. நாலுக்கு நாலு. வியாபாரிகள் ஏலக்குரலை அடக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். ஆனால் மதுரைப் பெண் சாதாரணப்பட்டவள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்துக்கு நாலு ஆக்கினாள். அடுத்த கேமில் அவளுக்கு மேட்ச் பாயிண்ட்டும் வந்துவிட்டது.

ஒரே ஒரு பாயிண்ட். போனால் எல்லாம் முடிந்தது.

பந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போனது. தூக்கிப் போடு, தூக்கிப் போடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பேச்சி இடது பக்கம் ஓடி, நின்று, மலையில் அடிப்பதுபோல முழுக் கையையும் வீசினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். கோச்சுக்கு இதுவும் அழகில்லை. வேலியில் மோதும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கூட்டம்தான் கத்தியது. கண்ணைத் திறந்தபோது, பின்கோட்டின் சுண்ணாம்பு சிதறிக் கிடந்தது. கோட்டைப் பார்க்கும் நடுவர் இரு கையையும் தரையைப் பார்த்து விரித்திருந்தார். உள்ளே.

அதற்குப் பிறகு அவள் தூக்கிப் போடவே இல்லை. ஏழுக்கு ஐந்து.

மதுரை கோச் வந்து கை கொடுத்தார். "மேட்ச் பாயிண்ட்ல அடின்னு நீங்கதான் சைகை காட்டுனீங்களா? நான் கவனிக்கலையே" என்றார். நான் கண்ணை மூடியிருந்ததை அவரும் கவனிக்கவில்லை என்பதில் எனக்குத் திருப்தி. கல்லூரி அம்மா பேச்சியிடம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனி மாதம் பெட்டியோடு வந்து சேரச் சொன்னார். செயலாளர், புது டின்னால்தான் ஆட்டம் களைகட்டியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்று நானும் அவர்களோடு ஜீப்பில் மேலே ஏறினேன். வெயில் சாய்ந்திருந்தது. முன்னால் அப்பனும் மகளும், பின்னால் நான். நாலைந்து வளைவு வரை பொறுத்துக்கொண்டேன். அதற்குமேல் முடியவில்லை. பின்னால் வரும் என் மாணவர்களுக்கெல்லாம் சொல்லித்தர ஒரு நுணுக்கம் கிடைக்கப்போகிறது என்ற பேராசை வேறு.

"ஏத்தா, சரியா அந்தப் பாயிண்ட்டுல பந்து அடங்கிருச்சுன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"தெரியாது சார்."

"தெரியாமயா அப்படி ஓங்கி அடிச்ச?"

"அடிச்சாத்தான சார் தெரியும்."

"அடங்காம இருந்திருந்தா?"

"வெளிய போயிருக்கும்."

மொக்கச்சாமி வளைவில் கியரை மாற்றிக்கொண்டே, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிருந்தா நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் குடோனு வாசல்ல நின்னுருப்ப" என்றார்.

"நின்னுருப்பேன்" என்றாள்.

அப்போதுதான், மேட்ச் முடிந்து அவ்வளவு நேரம் கழித்து, கொண்டையூசி வளைவென்றும் பாராமல் நான் ஜீப்புக்குள் எழுந்து நின்றுவிட்டேன்.